அடுத்த ஞாயிறு பார்க்கலாம்

அம்சவேணி செத்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை எட்டு மணிச் சங்கு ஊதி முடிந்த கையோடு, எங்கள் ஷூ கம்பெனியின் மூன்றாம் லைனில் அவள் உட்காரும் காலி ஸ்டூலின் மேல் இளநீல நிறத்தில் ஒரு புகை எழுந்தது. ஆள் உட்கார்ந்த உயரத்துக்குக் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கொழுக்கட்டைக்கு மாவு கிள்ளுகிற மாதிரி பதினோரு துண்டாகப் பிரிந்து, லைனில் மிச்சமிருந்த பதினோரு பெண்களின் காலடியிலும் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் கத்தவில்லை. அன்றைக்கு அறுநூறு ஜோடி முடிக்க வேண்டியிருந்தது, சூப்பர்வைசர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தோம்.

நான் ஜெசிந்தா. அந்த லைனில் வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். அதனால் இதைச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆற்றில் தண்ணீரைப் பார்த்தவர்கள் குறைவு, ஊரில் தோலைத் தொடாதவர்கள் அதைவிடக் குறைவு. தோலோடு தோலை ஒட்டுகிற பசைக்கு டப்பாவில் என்னவோ வாயில் நுழையாத பெயர் போட்டிருக்கும், நாங்கள் அதை மருந்து என்போம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கத்தரிச்செடிக்கு அடிப்பதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து, புருஷனை மயக்கச் சோற்றில் வைத்துவிட்டாள் என்று ஊர் பேசுவதும் மருந்து. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம், எப்போதாவது ஒரு நாள் அது காலை வாரிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்சவேணி தன் வீட்டில் குடித்தது கத்தரிச்செடி மருந்து. மறுநாள் காலை கேட்டில் நின்ற வாட்ச்மேன், "மூணாம் லைன் அம்சவேணி மருந்தால செத்துட்டாளாம்" என்றார். டீ நேரத்துக்குள் கம்பெனி முழுக்க அந்த ஒரு சொல் பசை டப்பாவுக்குள் போய் விழுந்துவிட்டது, எந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பதினோரு பேருக்கும் எந்த மருந்து என்று தெரியும். ஒருத்திகூடத் திருத்தவில்லை. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருப்பதாக அன்றைக்கு நினைத்திருந்தோம். எல்லோருக்கும் இருந்தது ஒரே காரணம்தான் என்று தெரிய நாலு மாதம் ஆனது.

புகை எங்களோடு கம்பெனி பஸ்ஸில் ஏறியது. டிரைவர் ஏகாம்பரம் முதல் நாள் கண்ணாடியில் பார்த்து ஒரு தும்மல் போட்டார், இரண்டாம் நாளிலிருந்து புகையெல்லாம் ஏறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார். அவரவர் நிறுத்தத்தில் அவரவர் புகை இறங்கும், பின்னாலேயே வீடு வரை வரும், வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுவிடும். மழை பெய்தாலும் அங்கேயேதான் நிற்கும். அது தானாக உள்ளே வராது, நாங்களும் வா என்று சொல்லவில்லை.

ஊர் முதல் வாரம் பயந்தது, அப்புறம் வேடிக்கை பார்த்தது, அதற்கப்புறம் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தது. கதவு இடுக்கில் ஈரச்சாக்கு போடு என்றார்கள், போட்டோம். வேப்பிலை கட்டு என்றார்கள், கட்டினோம். எங்கள் பாஸ்டர் ஜெபித்த எண்ணெயைத் தெளித்தார், தர்காவில் கயிறு மந்திரித்துக் கொடுத்தார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாலு திசையிலும் வீசினார். புகை எல்லாவற்றுக்கும் மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்று, எல்லாம் முடிந்ததும் பழைய இடத்துக்கே வந்தது. கேபிள் டிவிக்காரன் படம் பிடித்துப் போனான், டிவியில் எங்கள் கால் மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, கொசு வராது என்று யாரோ சொன்னார்கள் என்று, என்னுடையதை ஒரு நாளைக்கு இரவல் கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் லைன் செல்வராணியின் வாசலில் புகையைப் பார்த்துவிட்டு, "இது கல்யாணத்துக்கு அப்புறமும் கூட வருமா?" என்று கேட்டு, பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்து எழுந்து போனார்கள். மூன்றாம் மாதத்தில் சின்னப்பிள்ளைகள் அதன் மேல் பந்து விழுந்தால் அவுட் என்று விளையாடினார்கள். எதையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பழகாதவர்கள் நாங்கள்தான். செல்வராணிக்கு நெற்றிப்பொட்டில் ஆணி அறைகிற தலைவலி. மெஹருன்னிசா சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, கஞ்சியாகக் கரைத்துக் குடித்தேன். எல்லோரையும்விட மோசம் கனகவல்லி. அம்சவேணிக்குப் பக்கத்து ஸ்டூல் அவள்தான், இருபத்தேழு வயசு, மடியில் எட்டு மாதக் குழந்தை. ஒரு நாள் காலையில் அவள் வலது கை தோளிலிருந்து மரத்துப்போனது, ஊசி குத்தினாலும் தெரியவில்லை. இடது கையால் குழந்தையை இடுப்பில் தூக்கிவைத்து, வலது கையைப் பிடித்துத் தூக்கி அதன் முதுகில் வைத்து, "பிடிச்சுக்கோ" என்று தன் கைக்கே சொல்லிப் பார்ப்பாள். அது வழுக்கிக் கீழே தொங்கும்.

சங்கம் உள்ளே வந்தது. சங்கச் செயலாளர் பாக்கியநாதன் நல்ல மனுஷன், நல்ல குரல். ஆற்று மணல் பறந்து வந்து தோலில் ஒட்டுகிறது என்று நாலு வருஷத்துக்கு முன் கம்பெனியில் ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இரண்டில் ஒன்று ஓடாது, இன்னொன்று சத்தம் மட்டும் போடும். அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லி நாலு வருஷமாகக் கத்திய பாக்கியநாதனுக்குப் பதினோரு புகை சாட்சி கிடைத்தது. கம்பெனி ஒரு மீட்டர் கொண்டுவந்து காற்றை அளந்தது. அளந்த அன்று பசை டப்பா எல்லாவற்றையும் மூடிவைக்கச் சொல்லியிருந்தார்கள். மீட்டருக்கு எங்கள் காலடியில் இருந்த புகையும் தெரியவில்லை, மூக்கில் ஏறும் நாற்றமும் தெரியவில்லை. அதற்குள் புகையே இல்லாத நாலாம் லைனிலும் ஆறு பேருக்குத் தலைவலி வந்து, ஒருத்தி மயங்கி விழ, அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து டாக்டர் சபீஹா வந்தார். வந்ததும் யாரையும் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு லைன்காரர்களுக்கும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, எந்த நாள் எவ்வளவு வலித்தது என்று ஒரு மாதம் எழுதச் சொன்னார். மாதம் முடிந்ததும் நோட்டுகளை மேஜையில் பரப்பிவைத்து, கனகவல்லியைக் கூப்பிட்டு, அவள் வலது கையில் ஊசி குத்திப் பார்த்தார். துணைக்கு நானும் போனேன்.

"ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுதானேம்மா?"

"ஆமாங்க."

"நாலாம் லைன்ல எல்லாருக்கும் லீவு நாள்ல தலைவலி குறையுது. அது அந்தப் பசையோட வேலை, மீட்டர் என்ன சொன்னாலும் சரி. ஆனா உங்க பதினோரு பேருக்கும் லீவு நாள்லதான் ஜாஸ்தி ஆகுது. ஞாயித்துக்கிழமை என்னம்மா?"

கனகவல்லி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அப்ப என் கை நடிக்குதுன்றீங்களா டாக்டர்?" என்றாள்.

"இல்லம்மா. நான் ஊசி குத்துனேன், உங்களுக்குத் தெரியல. அது நிஜம். மனசுல இருந்து வர்ற நோவும் நோவுதான், அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா என்கிட்டயாவது, வேற யார்கிட்டயாவது, நீங்க வாயைத் திறக்கணும்."

கனகவல்லி திறக்கவில்லை. டாக்டர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. முதலாவது, ஜன்னலை உடனே திறக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாம் லைன் பெண்களின் நோயில் மனத்துயரத்துக்குப் பங்கு இருக்கிறது, அவர்களை அன்போடு கவனிக்க வேண்டும். மேனேஜர் இரண்டாவதை மட்டும் படித்தார். அதிலும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எங்களுக்கு மனசு லைன் என்று பெயர். தண்ணீர் குடிக்கப் போனால், "இன்னா, மனசு தாகமா?" என்று கட்டிங் பிரிவு ஆண்கள் சிரித்தார்கள். வாந்தி எடுத்த மெஹருன்னிசாவிடம் சூப்பர்வைசர், மனசை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். நான்கு நாள் முன்பு வரை எங்களைப் பாவம் என்று சொன்ன அதே வாய்கள்தான்.

பாக்கியநாதன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா நடந்திச்சோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்மா. ஞாயித்துக்கெழமை பேச்சை மட்டும் எடுக்காதீங்க. அது மனசுதான்னு ஆயிடுச்சுன்னா, நம்ம ஆயுசுக்கும் அந்த ஜன்னலைத் தொறக்க மாட்டான். முன்னூறு பேர் மூச்சு உங்க வாயில கீது."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால் கனகவல்லி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஜன்னலுக்காக வாயை மூடியிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோலப்பொடி வாங்கக் குழந்தையோடு கடைக்குப் போனாள், கடையின் படியில் ஏறும்போது குழந்தை பின்பக்கம் துள்ளியது. எந்தத் தாய்க்கும் வலது கை தானாகப் போகும். அவளுக்குப் போகவில்லை. கை தொங்கியபடியே இருக்க, குழந்தை அவள் கண்முன்னால் கல்படியில் விழுந்தது. நெற்றியில் மூன்று தையல். மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள். சாயங்காலம் திரும்புகிற வழியில், ரயில்வே கேட் மூடிப் பஸ் நின்றபோது, எழுந்து கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்சவேணி என்னைக் கேட்டா," என்றாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை உங்க வூட்ல இருந்துக்கட்டுமாடின்னு கேட்டா. புருஷன் வூட்ல இருக்கிற நாள் அது ஒண்ணுதான், அன்னைக்கு மட்டும் எங்கயாவது இருந்துட்டா மீதி ஆறு நாளைத் தள்ளிடுவேன்னா. என் கையைப் புடிச்சிகினு கேட்டா. இந்தக் கைதான். நான் உருவிகினு, மாமியார் இருக்குது, அடுத்த ஞாயிறு பாக்கலாம்னேன்."

ஏகாம்பரம் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"என்னையும் கேட்டா," என்றாள் செல்வராணி. "பொண்ணு பாக்க வர்றாங்க, அடுத்த ஞாயிறு பாக்கலாம்னு சொன்னேன்."

மெஹருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பின் சீட்டிலிருந்து ஒருத்தி, அவளுக்குப் பக்கத்திலிருந்து ஒருத்தி, ஜன்னலோரம் இருந்தவள் என்று ஒவ்வொருவராக, அடுத்த ஞாயிறு பாக்கலாம், அடுத்த ஞாயிறு பாக்கலாம், அடுத்த ஞாயிறு பாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். சாவதற்கு முந்திய அந்த ஒரு வாரத்தில் எங்கள் பதினோரு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள், பதினோரு பேரும் பேசிவைத்த மாதிரி ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறோம். அது இல்லை என்று சொல்கிற வார்த்தைகூட இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் சொல்வது, சீட்டுப் போடக் கேட்டால் சொல்வது, நல்லவிதமாக நழுவுவதற்கு வைத்திருப்பது. அவளும் சிரித்துக்கொண்டே, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பசை டப்பாவைத் திறந்தாள். அந்த நாற்றத்தை அவள் ஒருத்திதான் ஆழ மூச்சிழுத்துப் பிடிப்பாள். "இந்த மருந்து நாத்தம் மூக்குல ஏறினா நிம்மதிக்கா, நான் வூட்ல இல்லேன்னு அர்த்தம்" என்பாள். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

கடைசியாக என் முறை வந்தது. "என்னையும் கேட்டா," என்றேன். "ஊர்லேந்து தங்கச்சி வருதுன்னு சொன்னேன்."

ரயில் போய், கேட் திறந்து வெகுநேரமாகியும் பஸ் நின்றது. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டான். கனகவல்லி தன் காலடியில் இருந்த புகையைக் குனிந்து பார்த்து, "இது நம்பளப் புடிக்க வரலக்கா. வூட்டுக்குள்ள வர்றதுக்கு நிக்குது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் பத்துப் பேரும் அவள் வீட்டு வாசலில் நின்றோம். கனகவல்லி ஈரச்சாக்கை எடுத்தாள், வேப்பிலையை அவிழ்த்தாள், கதவை அகலத் திறந்து, "வா அம்சா, சாப்பிடு" என்றாள். புகை செருப்புப் பக்கத்திலிருந்து நகர்ந்து, புது இடத்துக்கு வந்த பெண் தயங்குகிற மாதிரி வாசற்படியில் ஒரு நொடி நின்று, உள்ளே போனது. தட்டில் போட்ட சோற்றுக்கும் கறிக்குழம்புக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தது. பிறகு விரித்துவைத்த பாயில் படுத்தது. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்தார். மூன்று மணி நேரம் அது அசையவில்லை. அப்படி ஒரு தூக்கத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. நாலு மணிக்கு வெயில் பாய் மேல் ஏறியது. கனகவல்லி எழுந்து போய்ப் போர்வையை எடுத்து அதன் மேல் இழுத்து விட்டாள். இழுத்துவிட்டது வலது கை. அவள் அதைக் கவனிக்கவில்லை, நாங்கள்தான் கவனித்தோம். பொழுது சாய்கிற நேரம் போர்வை மெல்லத் தணிந்து பாயோடு பாயாகக் கிடந்தது, அடியில் ஒன்றுமில்லை. அவள் குழந்தையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, நெற்றித் தையலில் முகம் வைத்து, ஊரே கேட்கும்படி அழுதாள்.

திங்கட்கிழமை கனகவல்லி மேனேஜர் ரூமுக்குப் போய், "சார், அம்சவேணி செத்ததுக்கும் எங்க நோவுக்கும் காரணம் நாங்கதான், எழுதிக்குங்க. ஜன்னலை மூடினது நீங்க, அதையும் எழுதிக்குங்க," என்றாள். அவர் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டார். அதனால் டீ நேரத்தில் நாங்கள் தோல் இழுக்கிற குறடுகளை எடுத்துக்கொண்டு போய் ஆணிகளைப் பிடுங்கினோம். நாலாம் லைனும் வந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் ஆற்று மணல் உள்ளே பறந்து வந்து எல்லாருடைய தலையிலும் விழுந்தது. பாக்கியநாதனும் எங்களோடு ஒரு ஆணியைப் பிடுங்கினார். மறுநாள் திரும்ப அடித்தார்கள், திரும்பப் பிடுங்கினோம். இன்றுவரை இது நடந்துகொண்டிருக்கிறது, ஆணிகள் வளைந்துபோனதால் இப்போதெல்லாம் சுலபமாக வருகின்றன.

ஞாயிறுக்கு ஞாயிறு ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்தது. செல்வராணி வீட்டில் அது பஜ்ஜிக்கு எதிரில் உட்கார்ந்ததாம், மெஹருன்னிசா வீட்டில் பிரியாணி. அம்சவேணியின் புருஷன் வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு துளி புகை எந்த நாளும் போகவில்லை. அவனுக்குத் தலைவலி இல்லை, வாந்தி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். அவனிடம் அவள் எதையும் கேட்டதில்லை, அதனால் இருக்கலாம்.

பத்து வீடு முடிந்தது. என் வாசலில் மட்டும் நின்றது. எல்லாரும் முடியட்டும், மூத்தவள் கடைசியில் திறக்கிறேன் என்று சொல்லி வாரத்தைத் தள்ளினேன். அதுவும் அடுத்த ஞாயிறு பார்க்கலாம்தான்.

பஸ்ஸில் நான் சொன்னது பொய். எனக்குத் தங்கச்சி கிடையாது. புருஷன் போய் ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, மாமியார் இல்லை, ஒரு ரூம், ஒரு ஃபேன், இரண்டு பாய். அம்சவேணி மற்ற எல்லாரையும் கேட்பதற்கு முன்னால் என்னிடம்தான் வந்து கேட்டாள், தனியாக இருப்பவள் இல்லை என்று சொல்ல மாட்டாள் என்று நம்பி வந்திருப்பாள். அவளிடம் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆறு மாதத்துக்கு மேல் யோசித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நான் மத்தியானத்தில் தூங்குவேன். ஆள் இருந்தால் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

பதினோராவது ஞாயிறு கதவைத் திறந்தேன். "வாடி," என்றேன். அது உள்ளே வந்தது. நான் எதையும் பேச வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாயையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நானும் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது, பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

மறு ஞாயிறும் கதவைத் திறந்து வைத்தேன். இரண்டு தட்டு வைத்தேன், மூன்று மணிவரை பார்த்தேன். யாரும் வரவில்லை. பசித்தது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன், தொண்டையில் ஒன்றுமே அடைக்கவில்லை.